நாவல்களை நிதானமாக வாசிப்பதில் கிடைக்கும் இன்பம் என்ன?

ஓர் ஆண்டில் எத்தனை நூல்களை வாசித்து முடித்தோம் என்று கணக்கிட்டுச் சமூக ஊடகங்களில் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. இந்நிலையில், ஒரே நாவலை வாரக்கணக்கில் வாசிப்பவர் தாம் பின்தங்கிவிட்டதாக எண்ணக்கூடும். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை என்பதையே இந்திய நாவல்களின் வரலாறு உணர்த்துகிறது.

மாதம் ஒரு பகுதி

பங்கிம் சந்திர சட்டோபாத்தியாய் 1872-ஆம் ஆண்டு 'வங்கதர்சன்' என்ற வங்க மொழி மாத இதழைத் தொடங்கினார். அவரது 'விஷ விருட்சம்' நாவல் அவ்விதழில் தொடராக வெளிவந்தது. அப்போது சிறுவனாக இருந்த இரவீந்திரநாத் தாகூர், அந்த அனுபவத்தைத் தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். ஒவ்வொரு மாதமும் இதழுக்காகக் காத்திருக்க வேண்டும். அது வந்த பின்னரும், வீட்டுப் பெரியவர்கள் வாசித்து முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அது சிறுவனுக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது. ஆயினும், வாசித்த சிறு பகுதியை அடுத்த இதழ் வரும் வரை மனத்தில் அசைபோட்ட இன்பம், முழு நூலையும் ஒரே மூச்சில் வாசிக்கும் பிற்காலத்தவருக்கு வாய்க்காது என்று அவர் கருதினார்.

குஜராத்தி வாசகர்கள் இதைவிட நீண்ட காலம் காத்திருந்தனர். கோவர்த்தன்ராம் திரிபாதியின் 'சரஸ்வதிசந்திரா' நாவலின் முதல் பாகம் 1887-இலும், நான்காவது பாகம் 1901-இலும் வெளிவந்தன. கதை நிறைவடைய 14 ஆண்டுகள் ஆயின. அதற்குள் முதல் பாகத்தை இளமையில் வாசித்தவர்கள் நடுவயதை நெருங்கியிருப்பர்.

வேகம் கூடினால் இழப்பது என்ன?

விரைவு வாசிப்புப் பயிற்சிகள் குறித்துக் கீத் ரேனர் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரை 2016-இல் வெளியானது. வாசிப்பின் வேகத்தைப் பெருமளவு கூட்டினால் புரிதல் குறைவதைத் தவிர்க்க இயலாது என்பது அதன் முடிவு. வாசிப்பின் வேகத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துவது கண்ணின் அசைவு அன்று. சொற்களை இனங்கண்டு பொருள் கொள்ளும் மொழித்திறனே ஆகும். புரியாத வரிக்குக் கண் திரும்பிச் செல்வதும் புரிதலுக்குத் துணை செய்கிறது.

நாவலில் இந்த இழப்பு இன்னும் கூடுதலாகும். வேகமாக வாசிப்பவருக்கும் கதைச் சுருக்கம் கிடைத்துவிடும். ஆனால் நாவலின் உயிர் பெரும்பாலும் சுருக்கத்தில் அடங்குவதில்லை. அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவலான 'நீலகண்டப் பறவையைத் தேடி' இதற்குத் தக்க சான்று. சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழாக்கத்தில் நேஷனல் புக் டிரஸ்ட் இதனை வெளியிட்டுள்ளது. பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கக் கிராமத்தின் ஆறும் வயல்களும் பருவங்களும் இதில் பக்கம் பக்கமாக விரிகின்றன. விரைந்து செல்வோருக்கு அவை வெறும் வருணனையாகத் தோன்றும். நின்று வாசிப்பவரோ, அந்த மண்ணில் மக்களோடு வாழத் தொடங்குகிறார். ஆகவே, அண்டை வீட்டாரிடையே பிளவு தோன்றும்போது, அது வரலாற்றுச் செய்தியாக இன்றித் தம் சொந்த இழப்பாக அவரைத் தாக்குகிறது.

எல்லா நாவல்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. 1888-இல் வெளிவந்த தேவகிநந்தன் கத்ரியின் இந்தி நாவலான 'சந்திரகாந்தா', மாயமும் மர்மமும் நிறைந்தது. அதனை வாசிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்று கூறப்படுவது உண்டு. அத்தகைய நூலைக் கண்விழித்து ஒரே இரவில் வாசிப்பதும் ஓர் இன்பமே. எந்த வேகத்தில் வாசிப்பது என்பதை எண்ணிக்கை இலக்கு முடிவு செய்யலாகாது. நூலே முடிவு செய்ய வேண்டும்.

தொடங்குவது எப்படி?

நாளுக்கு ஓர் அத்தியாயத்துடன் நிறுத்திக்கொள்வது எளிய வழி. பாத்திரங்களின் பெயர்களையும் உறவுமுறையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், இடைவெளிக்குப் பின் தொடர்வது சிரமமாக இராது. மனங்கவர்ந்த பத்தியை வாய்விட்டு வாசித்தால் அதன் ஓசைநயமும் புலப்படும். புத்தகத்தை மூடிய பின், நாளை என்ன நேருமோ என்று வேலைகளுக்கிடையே எண்ணிப் பார்ப்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே. தாகூர் சிறுவயதில் நுகர்ந்த இன்பத்தை இன்றைய வாசகரும் இவ்வாறு ஓரளவு மீட்டெடுக்கலாம்.