தினமும் 4 மணி நேரம் ரோட்டில்... பேப்பர் போடலாமா, பொறுத்துப் போகலாமா?

ஆவடியில் வீடு, சிறுசேரியில் ஆபீஸ். மின்சார ரயில், அப்புறம் பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ. போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். சென்னையில் இப்படி ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ‘பேசாம பேப்பர் போட்டுடலாமா?’ என்ற யோசனை எல்லோருக்கும் ஒருநாள் வரும். அந்த முடிவைக் கோபத்தில் எடுப்பதைவிடக் கணக்குப் போட்டு எடுப்பது நல்லது.

உண்மையான சம்பளம் எவ்வளவு?

தினமும் 4 மணி நேரம் என்றால், மாதத்தில் 22 வேலை நாளுக்கு 88 மணி நேரம். ஆண்டுக்கு 1,056 மணி நேரம். அதாவது, இரவு பகலாக 44 முழு நாள்கள் பயணத்திலேயே போகின்றன.

ஓர் உதாரணம். கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய், பயணச் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 41,000. வீட்டுக்குப் பக்கத்தில் 36,000 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைக்கிறது. தினமும் 1 மணி நேரப் பயணம், செலவு 1,000. மிச்சம் 35,000.

சம்பளத்தில் 9,000 ரூபாய் குறைவதுபோலத் தெரியும். கையில் உண்மையாகக் குறைவது 6,000 தான். அதற்குப் பதிலாக மாதம் 66 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. இப்போது அந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் சுமார் 91 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த விலை கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

‘பழகிடும்’ என்பது உண்மையா?

புருனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியின் தரவுகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணத்துக்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் மனநிறைவு குறையக் கூடாது. ஆனால், பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை மீதான திருப்தி குறைவதாகவே அவர்கள் கண்டார்கள்.

அதற்காக எல்லோரும் உடனே விட்டுவிட முடியுமா? முடியாது. வீட்டுக்கடன் இஎம்ஐ, அப்பா அம்மாவின் மருந்துச் செலவு இதெல்லாம் மணிக் கணக்கைப் பார்க்காது. அந்த 6,000 ரூபாய் இல்லாமல் மாதம் ஓடாது என்றால், இப்போதைக்குப் பொறுப்பதே சரி. ஆனால், எவ்வளவு நாள் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

* கிராஜுவிட்டி: நிரந்தரப் பணியாளர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால், 5 ஆண்டுக்குச் சுமார் 57,692 ரூபாய் வரும். நாலரை வருஷம் ஆகியிருந்தால் கொஞ்சம் பொறுப்பது லாபம்.
* பிஎஃப்: எடுத்துவிடாதீர்கள், புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள். தொடர்ச்சியாக 5 ஆண்டு முடியும் முன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு.
* மருத்துவக் காப்பீடு: ஆபீஸ் கொடுத்த பாலிசி பொதுவாக வேலையோடு போய்விடும். பெற்றோர் அதில் இருந்தால், முதலில் தனி பாலிசி எடுங்கள்.
* நோட்டீஸ் பீரியட்: 90 நாளா, 30 நாளா? ஆஃபர் லெட்டரில் பாருங்கள்.

நடுவழி இருக்கிறதா?

வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தாலே மாதம் 32 மணி நேரம் மிச்சம். ஷிஃப்ட் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளினாலும் நெரிசல் குறையும். மேனேஜரிடம் ‘ரொம்ப தூரம் சார்’ என்று புலம்புவதைவிட, எந்த வேலைகளை வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வீட்டை மாற்றுவதும் ஒரு வழி. ஆனால், கூடுதல் வாடகையோடு அட்வான்ஸ், துணையின் வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

‘மெட்ரோ வந்தா சரியாகிடும்’ என்பவர்கள் உண்டு. இரண்டாம் கட்டத்தில் மாதவரம் - சிறுசேரி சிப்காட் தடம் சுமார் 45 கி.மீ. நீளம். உங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் விடுவதுதான் சரி என்று பட்டால், தயங்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே பேப்பர் போடுங்கள். அதுவும் முடியாத அளவுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால், குறைந்தது 6 மாதச் செலவுக்கான பணமாவது கையில் இருக்கட்டும்.