சட்டையில் குத்த முடியாத பேட்ஜ்

(பத்தாம் வகுப்பு மாணவி)

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவத் தலைவியின் சீருடையில் மின்னும் பேட்ஜைப் பார்த்து ஏங்காதவர் நம்மில் யார்? நானும் ஏங்கியிருக்கிறேன். ஆனால் சட்டையில் குத்தவே முடியாத ஒரு பேட்ஜ் உண்டு. அதை என் சித்தி பெற்றார். அதன் கதையையும் பயனையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

பேட்ஜ்களில் இரு வகை உண்டு. தலைவியின் பேட்ஜ் அவள் வகிக்கும் பதவியைச் சொல்கிறது. சாரணியர் அணியும் சின்னமோ அவளுக்குத் தெரிந்த வேலையைச் சொல்கிறது. 1910-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய சாரணியர் இயக்கம் மறு ஆண்டே இந்தியாவுக்கும் வந்தது. 1911-இல் ஜபல்பூரில் நம் நாட்டின் முதல் குழு அமைந்தது. முதலுதவி செய்யத் தெரிந்த பெண்ணுக்கு ஒரு சின்னம், சமைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு சின்னம் என்று அவர்கள் வழங்கினார்கள். சட்டைக் கையைப் பார்த்தாலே அப்பெண் என்னென்ன கற்றிருக்கிறாள் என்பது விளங்கிவிடும். டிஜிட்டல் பேட்ஜ் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது கணினியிலும் கைப்பேசியிலும் தோன்றும் ஒரு சிறு படம். இணையத்தில் ஒரு பாடத்தைக் கற்று, அதற்குரிய தேர்விலும் தேறியவருக்கு அது கிடைக்கிறது.

‘வெறும் படம்தானே! யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். அங்கேதான் இதன் நுட்பம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டில், பயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லா அமைப்பு, அமெரிக்காவின் மெக்கார்தர் அறக்கட்டளையின் துணையோடு ‘ஓப்பன் பேட்ஜஸ்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. அதன்படி அமையும் பேட்ஜின் படத்துக்குள்ளேயே சில விவரங்கள் பதிக்கப்பட்டிருக்கும். வழங்கியவர் யார், பெற்றவர் யார், எந்த நாளில் பெற்றார், அதைப் பெற என்ன செய்யவேண்டும் என்பவையே அவை. பெற்றவரின் மின்னஞ்சல் முகவரி பிறர் படிக்க முடியாதபடி சங்கேத வடிவில் இருக்கும். ஐயம் கொண்டவர் அவ்விவரங்களை வழங்கிய நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தைத் திருடியவரின் முகவரி அதனோடு பொருந்தாது, குட்டு வெளிப்பட்டுவிடும்! 2017 முதல் இந்த விதிமுறைகளை வேறோர் அமைப்பு பேணி வருகிறது. அதன் இன்றைய பெயர் ஒன் எட்டெக் என்பதாகும்.

இனி என் சித்தியிடம் வருவோம். அவர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஆண்டில் தாத்தா காலமாகிவிட்டார். கல்லூரிக் கனவை மடித்து வைத்துவிட்டு, ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சென்றார். இருபது ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் கடையில், ‘இருபது சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் மேலும் பத்துச் சதவீதம்’ என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். ஓர் அம்மாள், “அப்படியானால் முப்பது சதவீதம் குறைக்க வேண்டும்” என்று வாதாடினார். இயந்திரம் வேறு தொகையைக் காட்டியது. சித்திக்கு அதை விளக்கத் தெரியவில்லை. அன்று இரவு அவர் என்னிடம், “இவ்வளவு காலம் பில் போட்டும் இதைச் சொல்லத் தெரியாமல் நின்றேனே!” என்று வருந்தினார். அந்த வருத்தம்தான் அவரை மீண்டும் மாணவி ஆக்கிற்று.

சித்தி தேடிக் கண்டது ‘ஓப்பன்லேர்ன்’ என்னும் இலவசக் கல்வித் தளம். அதை நடத்துவது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டை நடத்துகிற பெண்களும் வீட்டிலிருந்தபடியே பட்டம் பெறவேண்டும் என்னும் நோக்கத்தோடு 1969-இல் நிறுவப்பட்டது அது. 1971-இல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கியபோது, பி.பி.சி. வானொலியும் தொலைக்காட்சியுமே அவர்களுக்கு வகுப்பறைகளாயின. 2006-இல் அப்பல்கலைக்கழகம் தன் பாடங்கள் பலவற்றை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2015 முதல், தேர்வோடு பேட்ஜும் வழங்கும் பாடங்களைச் சேர்த்தது. இவற்றில் சேர மதிப்பெண் பட்டியல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

இப்பாடங்களின் அமைப்பு எளிமையானது. பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு எட்டு வாரங்கள். வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஆக மொத்தம் 24 மணி நேரம். நமக்கு வசதியான வேளையில் படிக்கலாம். ஒவ்வொரு வார முடிவிலும் ஒரு சிறு தேர்வு உண்டு. நான்காம் வாரத்திலும் எட்டாம் வாரத்திலும் வருபவை பேட்ஜுக்கு உரிய தேர்வுகள். அவை ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 சதவீதம் பெறவேண்டும். தவறினால் 24 மணி நேரம் பொறுத்திருந்து மறுபடியும் எழுதலாம். தோற்றவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

சித்தி தேர்ந்தெடுத்தது அடிப்படைக் கணிதப் பாடம். பின்னமும் சதவீதமும் குறை எண்ணும் அதில் வந்தன. பாடம் ஆங்கிலத்தில் இருந்ததால் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டார். இரவு பாத்திரம் தேய்த்து முடித்துப் பத்து மணிக்கு உட்காருவார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் என்னை அழைத்து, “இங்கே பார், கண்ணு! ஆயிரம் ரூபாய்ப் புடவையில் முதலில் 200 ரூபாய் குறைகிறது. மீதி 800. இரண்டாவது தள்ளுபடி இந்த எண்ணூறுக்குத்தான். ஆகவே 80 ரூபாய் குறையும். மொத்தத் தள்ளுபடி 280 ரூபாய். முப்பது சதவீதம் இல்லை, இருபத்தெட்டு!” என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை.

ஆயினும் நான்காம் வாரத் தேர்வில் அவர் தேறவில்லை. மறுநாள் மீண்டும் எழுத உட்கார்ந்தார். நான் அருகில் இருந்தேன். கேள்விகள் எனக்குத் தெரிந்தவை. தேர்வைக் கண்காணிக்க ஆசிரியர் எவரும் இல்லை. “நான் சொல்கிறேன், சித்தி, யாருக்குத் தெரியப் போகிறது?” என்றேன். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொன்னால் பேட்ஜ் வரும், கணக்கு வராதே, கண்ணு. நாளைக்கு அந்த அம்மாள் கடைக்கு வந்து கேட்டால் உன்னையா கூப்பிடுவேன்?” என்றார்.

நான் தலை குனிந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அந்த மாதம்தான் வகுப்புத் தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதி இரண்டு மதிப்பெண் பெற்றிருந்தேன். சித்திக்கு அது தெரியாது. தேர்வு அறையில் ஆசிரியை இருந்தும் நான் தவறினேன். யாருமே இல்லாத சமையலறையில் சித்தி தவறவில்லை. அடுத்த நாள் ஆசிரியையிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அந்த இரண்டு மதிப்பெண்ணும் போயிற்று. மனம் இலேசாயிற்று.

சித்தி இரண்டாவது முறையில் தேறினார். எட்டாம் வாரத் தேர்விலும் தேறி பேட்ஜைப் பெற்றார். அதனால் என்ன பயன்? உள்ளதை உள்ளபடி கூறுகிறேன். அதைப் பட்டமாக யாரும் ஏற்பதில்லை. பட்டப் படிப்புக்கான மதிப்பும் அதற்கு இல்லை. கடை முதலாளி அதைப் பார்த்து “நல்லது” என்று மட்டும் சொன்னார். சம்பளம் கூடவில்லை. ஆனால் கணக்கில் சந்தேகம் வந்தால் உடன் வேலை செய்யும் பெண்கள் இப்போது சித்தியிடம்தான் வருகிறார்கள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். சித்தி கற்ற கணக்கோ கடையில் நாள்தோறும் உதவுகிறது. அஞ்சல் வழியில் பி.காம். படிக்கலாமா என்று இப்போது விசாரித்து வருகிறார்.

நம் நாட்டிலும் இத்தகைய வாய்ப்புகள் உள்ளன. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய ‘என்.பி.டெல்’ திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரும் பங்கு உண்டு. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. அவற்றில் பாடங்களை இலவசமாகக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும். கண்காணிப்போடு நடக்கும் தேர்வானதால் அச்சான்றிதழுக்கு எடை சற்று அதிகம்.

பெற்றோருக்கும் தோழியருக்கும் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் ‘இலவசம்’ என்று தொடங்கி, கடைசியில் பணம் கேட்போரும் உண்டு. ஆகவே பெயரைப் பதிவு செய்யுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். வழங்குவது நமக்குத் தெரிந்த கல்வி நிறுவனமா? தேர்வு உண்டா? பேட்ஜின் உண்மையைச் சரிபார்க்க வழி உண்டா? கட்டணம் ஏதேனும் பின்னால் வருமா? நம்மைப் போன்ற சிறுமியர் பெற்றோரின் அனுமதியின்றிப் பெயரோ முகவரியோ எங்கும் தரலாகாது. சேருவதற்கு வயது வரம்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோழியரே, பள்ளியில் நமக்கு மணி அடிக்கிறது, சிஸ்டர் வருகிறார், தேர்வு நாள் குறிக்கப்படுகிறது. இவை ஒன்றும் இல்லாமலே, பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் படிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கக்கூடும். அம்மாவோ அத்தையோ கைப்பேசியைக் கொண்டுவந்து, “இது எப்படி என்று காட்டு” என்று கேட்டால், சலித்துக்கொள்ளாமல் அருகில் உட்காருங்கள். வழியை மட்டும் காட்டுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்!