வீட்டைத் திருத்தினால் வாடகையை உயர்த்தலாமா?



வாடகை வீட்டிற்குப் பொருள் செலவிட்டு வசதி செய்த உரிமையாளர், அதன் பொருட்டு வாடகையை உயர்த்தலாமா? உங்களுள் பலர் வாடகை வீட்டில் வாழ்கிறீர்கள். சிலர் நாளை வீட்டு உரிமையாளர் ஆவீர்கள். ஆதலின் இவ்வினாவை இரு பக்கமும் நின்று எண்ணுதல் நன்று.

முருகன் மலையடியில் அமைந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்தினின்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் இம்மாநிலத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பிறந்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடியிருப்பு வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 பங்கே நியாய வாடகையாகக் கொள்ளப்பட்டது.

இன்று அச்சட்டம் வழக்கில் இல்லை. அதற்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பெற்ற சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறங்களுக்குரிய இச்சட்டம் நகராட்சியாகிய திருத்தணிக்கும் உரியதே. வாடகை உயர்வு ஒப்பந்தத்தின்படியே அமைதல் வேண்டும் என்பது இதன் பொதுவிதி. வீட்டை மேம்படுத்தினால் உயர்த்தலாம். ஆனால் வேலை தொடங்குமுன் குடியிருப்போருடன் உடன்பாடு செய்திருத்தல் வேண்டும். வேலை முடிந்து ஒரு திங்கள் கழிந்த பின்னரே உயர்வு நடப்புக்கு வரும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். பழுதுபார்த்தல் வேறு, மேம்படுத்தல் வேறு. சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், பழைய குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளரின் கடமைகள் எனச் சட்டமே வகுத்துள்ளது. அக்கடமைக்குரிய கூலி, நாம் மாதந்தோறும் கொடுக்கும் வாடகையிலேயே அடங்கியிருக்கிறது. முன்பு இல்லாத குளியலறையைப் புதிதாகக் கட்டுவதோ மேம்பாடு.

கணக்கிட்டுப் பார்ப்போம். மாத வாடகை 4,000 ரூபாய் பெறும் வீட்டில் உரிமையாளர் 60,000 ரூபாய் செலவிட்டார் எனக் கொள்க. அதில் 24,000 ரூபாய் வெள்ளையடிக்கவும் மின்கம்பி மாற்றவும் ஆயிற்று. எஞ்சிய 36,000 ரூபாயில் புதிய குளியலறை எழுந்தது. பழைய சட்டத்தின் 9 விழுக்காட்டை ஓர் அளவுகோலாக மட்டும் கொண்டால், முழுச் செலவுக்கும் மாதம் 450 ரூபாய் உயர்வு வரும். முறையாக மேம்பாட்டுக்கு மட்டும் கணக்கிட்டாலோ 270 ரூபாயே வரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 180 ரூபாய் குடியிருப்போர்மீது ஏற்றத் தகாத சுமை.

இன்னொன்றும் எண்ணுக. மிகுதியாகக் கேட்டதனால் குடியிருப்போர் வெளியேறி, வீடு ஒரு திங்கள் பூட்டிக் கிடந்தால் இழப்பு 4,000 ரூபாய். அஃது ஏறக்குறைய 15 திங்களின் உயர்வுக்கு ஈடாகும். வெளியேறும் குடும்பத்திற்கோ வேறு வீடு தேடும் அலைச்சல், புதிய முன்பணம், பிள்ளைகளின் பள்ளி தொலைவாதல் எனத் துன்பங்கள் பல.

அதற்காக உயர்வே கூடாதென்பது நேர்மையன்று. செலவிட்ட பொருளுக்கு நியாயமான பயன் கிட்டாவிடின் எவரும் வீட்டை மேம்படுத்த முன்வரார். இடிந்த சுவரும் ஒழுகும் கூரையுமே எஞ்சும்.

ஆகவே உரிமையாளர் தம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். செய்தது கடமையா, மேம்பாடா? முன்னரே பேசி எழுதிக்கொண்டோமா? கேட்கும் தொகை செலவுக்கு ஏற்றதா? இவற்றிற்குச் செவ்வையான விடை இருப்பின் உயர்த்துவது முறை. இல்லையேல் பொறுத்திருப்பதே அறிவுடைமை.