வெயிலும் பனியும் கடந்து: மலைப்பயணத்தில் இன்சுலினைக் காத்தல்

பாலக்காடும் இடுக்கியும் தமிழ்நாட்டை ஒட்டிய கேரள மாவட்டங்கள். வாளையாறு, சின்னாறு, போடிமெட்டு, குமுளி ஆகிய எல்லைகளைக் கடந்து, உறவினர் இல்லங்களுக்கும் கோயில்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் ஆண்டு முழுவதும் மக்கள் சென்று வருகின்றனர். அவர்களுள் நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்வோரும் உண்டு. அவர்கள் கைப்பையில் இருக்கும் சிறு மருந்துக் குப்பிக்கு இந்த வழித்தடம் ஒரு சோதனையே.

பாலக்காடு கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயில் அமைந்துள்ளது. கோடையில் அங்கு வெப்பம் சில நாட்களில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக ஒரே பகலில் அடையக்கூடிய மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் சில இரவுகளில் அங்கு புல்வெளிகளில் உறைபனி படர்வதுண்டு. வெயில், பனி ஆகிய இரண்டுமே இன்சுலினுக்குப் பகை.

கண்ணுக்குத் தெரியாத கேடு

இன்சுலின் ஒரு புரதம். மிகுந்த வெப்பத்தில் அதன் வீரியம் படிப்படியாகக் குறையும். உறைந்துவிட்டாலோ, மீண்டும் உருகிய பின்னும் அதைப் பயன்படுத்தலாகாது. கெட்டுப்போன மருந்து பல வேளைகளில் நல்ல மருந்தைப் போலவே தோன்றும். வழக்கமான அளவைச் செலுத்தியும் காரணமின்றிச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், முதலில் குப்பியை ஐயுற்று, புதியதை எடுக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு, வீரியமற்ற இன்சுலின் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

எவ்வளவு குளிர்ச்சி தேவை?

திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியும் பேனாவும் பெரும்பாலும் 25 முதல் 30 டிகிரிக்குட்பட்ட அறை வெப்பத்தில் 4 வாரங்கள் வரை தாங்கும். மருந்துக்கு மருந்து இது மாறுபடுவதால், உறையிலுள்ள குறிப்பைப் படிப்பது நன்று.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. கென்யாவின் அகதிகள் முகாமொன்றில் நிலவும் வெப்பத்தை ஒத்து, 25 முதல் 37 டிகிரிக்குள் ஏறியிறங்கிய சூழலில் 4 வாரங்கள் வைத்த இன்சுலின் வீரியத்தை இழக்கவில்லை என அது கண்டறிந்தது. ஆகவே ஓரிரவு மின்தடை ஏற்பட்டதற்காக அஞ்சி மருந்தை வீச வேண்டியதில்லை. ஆயினும், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் 50 டிகிரியையும் தாண்டக்கூடும். உணவருந்த இறங்கும்போதும் மருந்துப் பையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

தெர்மாஸ் குடுவையைக் குளிர்ந்த நீரால் அலசி, நீரை வடித்துத் துடைத்து, அதனுள் குப்பியை வைப்பது எளிய வழி. பனிக்கட்டிப் பொதி பயன்படுத்தினால் அது மருந்தை நேரே தொடாதவாறு துணியால் சுற்ற வேண்டும். ஈரத்துணியும் மண்பானையும் பாலக்காட்டின் வறண்ட கோடையில் நன்கு குளிர்விக்கும். மழைக்கால ஈரக்காற்றில் அவற்றின் பயன் குறைவு.

மலையேறிய பின்

மூணாற்றுக் குளிரில் பயன்பாட்டிலுள்ள குப்பிக்குக் குளிர்பதனப் பெட்டி தேவையே இல்லை. விடுதியில் அப்பெட்டி இருந்து, திறக்காத குப்பிகளை அதில் வைப்பதானால், உறைவிக்கும் தட்டை ஒட்டி வைக்கலாகாது. பனிக்கால இரவில் மருந்தைக் காரில் விட்டு உறங்குவதும் தவறு. வெளியே செல்லும்போது உள்சட்டைப் பையில், உடல் வெப்பத்தோடு வைத்துக்கொள்ளலாம். தட்பவெப்பம் மாறுகையில் பேனாவினுள் காற்றுக்குமிழ் சேரும். ஆகவே பயன்படுத்தியதும் ஊசியைக் கழற்றிவிட்டு, அடுத்த முறை புது ஊசி பொருத்தி 2 யூனிட் வெளியேற்றிப் பார்த்த பின்னரே செலுத்த வேண்டும்.

வழியில் வாங்க நேர்ந்தால்

நம் நாட்டில் குப்பி இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கிறது. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சும், 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சும் உரியவை. மாற்றிப் பயன்படுத்தினால் மருந்தின் அளவு இரண்டரை மடங்கு வரை கூடவோ குறையவோ செய்யும். வெளியூர்க் கடையில் வாங்கும்போது மருந்தின் பெயரோடு செறிவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் கட்டாயம்.

காலம் தாழ்ந்தால்

இடுக்கி மாவட்டத்துக்கு ரயில் பாதை இல்லை. சாலைப் பயணத்தில் மண்சரிவோ யானைக் கூட்டமோ குறுக்கிட்டால் உணவு நேரம் தள்ளிப்போகும். கொண்டையூசி வளைவுகளில் வாந்தி ஏற்பட்டாலும் உண்டது தங்காது. எனவே உணவு கைக்கு வரும் முன் உணவு நேர இன்சுலினைச் செலுத்தலாகாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், உடனே 15 கிராம் குளுக்கோசையோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

புறப்படும் முன் மருத்துவரின் சீட்டு, சோதனைக் கருவி, தேவையைப் போல் இரு மடங்கு மருந்து ஆகியவற்றை எடுத்துவைத்து, மருந்தை இருவர் பைகளில் பிரித்து வைப்பீர். மலைச் சிற்றூர்களில் அலைபேசி அலைவரிசை கிட்டாதபோது உதவச் சிறிது ரொக்கமும் இருக்கட்டும். சேமிப்பு முழுவதையும் ஓரிடத்தில் முடக்காத முன்யோசனை, உயிர்காக்கும் மருந்துக்கும் பொருந்தும்.