இடுப்பு மாவுக்கட்டு

இடுப்பு மாவுக்கட்டு என்பது தொடை எலும்பு முறிந்த குழந்தைக்கு மார்புக்குக் கீழிருந்து கால் வரை இடப்படும் உடற்கட்டு ஆகும். பொதுவாக 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இது பயன்படுகிறது. எலும்பு தானாகவே கூடுகிறது. அதுவரை அதனை அசையாமல் நேராக வைத்திருப்பதே கட்டின் பணியாகும்.

பெயரும் வரலாறும்

ஆங்கிலத்தில் இக்கட்டு 'இசுபைக்கா' எனப்படுகிறது. இலத்தீன் மொழியில் இச்சொல் தானியக் கதிரைக் குறிக்கும். துணிச்சுருளை இடுப்பிலும் தொடையிலும் மாறிமாறிச் சுற்றும்போது கதிர்மணிகளைப் போன்ற அடுக்குகள் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. பாரிசு சாந்து தடவிய துணிச்சுருளைக் கொண்டு கட்டும் முறையை நெதர்லாந்துப் படை மருத்துவர் அந்தோனியசு மத்தைசன் 1852இல் நூலாக வெளியிட்டார்.

கட்டும் முறை

முறிந்த எலும்பு அசையாதிருக்க, அதன் மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதிருத்தல் வேண்டும். தொடை எலும்பின் மேல்மூட்டு இடுப்பில் இருப்பதால் உடலையும் சேர்த்தே கட்ட நேர்கிறது. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, எலும்பை நேராக்கி, பஞ்சுச் சுருள் சுற்றி, அதன்மேல் மாவுக்கட்டு இடப்படுகிறது. பின்னர் ஊடுகதிர்ப் படம் எடுத்து எலும்பின் நிலை சரிபார்க்கப்படுகிறது. முறிந்த கால் பின்னாளில் ஏறத்தாழ 1 செ.மீ. கூடுதலாக வளரக்கூடும் என்பதால், எலும்பு முனைகள் சிறிதளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது ஏற்கப்படுகிறது. வயதைப் பொறுத்து 4 முதல் 8 வாரங்களில் கட்டு அகற்றப்படும்.

வீட்டுப் பராமரிப்பு

சாந்து சில நிமிடங்களில் இறுகினாலும் முழுமையாக உலர 2 அல்லது 3 நாட்கள் ஆகும். குழந்தையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரு கால்களுக்கும் இடையே கட்டப்பட்ட குச்சியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. சிறுநீர் கட்டினுள் புகாதவாறு அணையாடையை ஓரத்தினுள் செருகி வைக்க வேண்டும். மதுரையின் சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையும் அரிப்பும் மிகும். எனினும் ஈர்க்குச்சி, ஊசி, முகப்பூச்சு மாவு ஆகியவற்றைக் கட்டினுள் இடக் கூடாது.

ஆபத்து அறிகுறிகள்

கால்விரல்கள் குளிர்ந்தோ, வெளுத்தோ, நீலம் பாய்ந்தோ காணப்படுதல், விரல்களை அசைக்க இயலாமை, மருந்துக்கும் அடங்காத அழுகை, வயிறு உப்பித் தொடர்ந்து வாந்தி எடுத்தல், கட்டிலிருந்து துர்நாற்றம் வீசுதல் ஆகியன ஆபத்தானவை. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்கும். எனவே விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று கட்டைப் பிளக்கச் செய்தல் வேண்டும்.

மதுரை வட்டாரம்

தென் மாவட்டங்களில் மூங்கில் பத்தை, முட்டை வெண்கரு, உளுந்து மாவு ஆகியவற்றைக் கொண்டு கட்டும் நாட்டு மருத்துவ வழக்கம் உண்டு. எக்கட்டாயினும், வீங்கும் காலில் இறுகிவிட்டால் காலையே இழக்க நேரிடலாம். மதுரை மருத்துவக் கல்லூரியுடன் (1954) இணைந்த அரசு இராசாசி மருத்துவமனை கோரிப்பாளையம் அருகே பனகல் சாலையில் உள்ளது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து அடிபட்ட குழந்தையைக் கொண்டுவர, தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கப்பட்ட 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். அதுவரை அடிபட்ட காலை ஒரு பலகையுடனோ மற்றைய காலுடனோ சேர்த்துத் தளர்வாகக் கட்டி வைத்தல் நன்று.