பெயின்ட் டப்பாவின் லேபிளும் நமது பொறுப்பும்

மளிகையோடு பெயின்ட், டிஸ்டம்பர், டர்பன்டைன், பசை ஆகியவற்றையும் சேர்த்து விற்கும் உறுப்பினர்கள் முதலியார்பேட்டையில் உண்டு. பிரான்சிலிருந்து வந்து சொந்த வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர், "இதில் ஏ பிளஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் நாம் விழிக்கக் கூடாதல்லவா? அதற்காகவே இக்கட்டுரை.

புதிதாகப் பூசிய சுவரும், புது பிளைவுட் அலமாரியும் கண் எரிச்சல் தருவதை அறிவோம். அவற்றிலிருந்து ஆவியாகும் ரசாயனங்களே காரணம். பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வகைப்படுத்தியது.

பிரான்சு அரசு 2011ல் இதற்கு ஓர் ஆணை பிறப்பித்தது. பெயின்ட், தரைவிரிப்பு, கதவு, ஜன்னல், பசை முதலியவற்றில் லேபிள் கட்டாயம். புதிய ரகங்களுக்கு 2012 ஜனவரி 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2013 செப்டம்பர் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. ஏ பிளஸ், ஏ, பி, சி என நான்கு தரம். பொருள் 28 நாளுக்குப் பின் காற்றில் விடும் 10 ரசாயனங்களையும், மொத்த ஆவியையும் கணக்கிடுவார்கள். எதில் மிக மோசமோ அதுவே முழுப் பொருளுக்கும் தரம். ஃபார்மால்டிஹைடு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் ஏ பிளஸ். 120ஐத் தாண்டினால் சி. சி தரம் என்பதற்காக விற்கத் தடையில்லை, மறைக்கத்தான் கூடாது. தரத்தை அறிவிப்பது தயாரிப்பாளரே. அதற்குப் பொறுப்பும் அவரே.

நம் நாட்டில் இத்தகைய கட்டாய லேபிள் இல்லை. மண்பானைச் சின்னத்தோடு 1991ல் வந்த ஈகோமார்க் விருப்பத் திட்டம்தான். டப்பாவில் "குறைந்த வி.ஓ.சி." என்றிருந்தால் அது பெரும்பாலும் டப்பாவுக்குள் உள்ள அளவு, அறைக் காற்றில் கலக்கும் அளவு அன்று. கலர் மெஷினில் சேர்க்கும் சாயமும், கலக்கும் தின்னரும் அதைக் கூட்டிவிடக்கூடும்.

கட்டாயமாக உள்ளது ஈயக் கட்டுப்பாடு. 2016ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது. டப்பாவில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். ஈயத்துக்கு வாசனை கிடையாது. பெயின்ட் உதிர்ந்து தூசியாகிக் குழந்தைகளின் வாய்க்குப் போகிறது. எனவே "நாற்றமில்லை, ஆகவே தீங்கில்லை" என்பது சரியல்ல.

இனி முக்கியமான விஷயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் தராத உறுதியை விற்பவர் தாமாகக் கொடுத்து, சரக்கு அதற்கு ஒத்துவராமல் தீங்கு நேர்ந்தால் விற்பவரே பொறுப்பாளியாகலாம். சரக்கை மாற்றினாலும், தயாரிப்பாளர் யாரெனக் காட்ட முடியாவிட்டாலும் அப்படியே. "கைக்குழந்தை இருக்கும் அறைக்கும் ஒன்றும் செய்யாது, தாராளமாக அடியுங்கள்" என்று வியாபார வேகத்தில் சொல்லிவிடுகிறோம். டப்பாவில் அப்படி இருக்காது. லேபிளைப் படித்துக் காட்டுவதோடு நிற்பதே நமக்குப் பாதுகாப்பு. டர்பன்டைனைப் பழைய பாட்டிலில் ஊற்றி விற்பதையும் விட்டுவிட வேண்டும். லேபிள் அதோடு போய்விடுகிறது.

பில்லில் கம்பெனிப் பெயர், ரகம், பேட்ச் எண் மூன்றையும் குறித்துக் கொடுங்கள். தின்னர், பெயின்ட் வகைகளைத் தேயிலை, மாவு மூட்டைகளுக்கு அருகில் அடுக்காதீர்கள். தேயிலை வாடையைச் சட்டென இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கடைக்குப் பெயின்ட் அடித்தால் ஷட்டரை உடனே இறக்கிவிடாமல், வாடை போகும்வரை காற்றோட்டம் விடுங்கள். வாடிக்கையாளர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்து அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் நாம்தான்.