வெளிமான்
கிண்டி தேசியப் பூங்கா, சென்னை

வேலிக்கு அப்பால் சர்தார் படேல் சாலை; இப்பால் சோழமண்டலக் கரையின் பழைய உலர் பசுமைமாறாக் காடு. ஆளுநர் மாளிகைத் தோட்டத்திலிருந்து பிரிந்த இந்நிலம் 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்; நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று.

முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெள்ளை வயிறும் கொண்டது ஆண் வெளிமான். பெண்மானுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். பொதுவாகக் கொம்பு இராது. ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்பும் விலங்கு என்பதால் இதற்குத் திறந்த புல்வெளி அவசியம். புதர் அடர்ந்து வெளியை மூடினால் வாழிடமே சுருங்கிவிடும்.

மர நிழலில் கூட்டமாக நிற்பவை புள்ளிமான்கள். அவற்றின் கிளைக்கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை.

மான்களுக்குத் தின்பண்டம் தர வேண்டாம். பிளாஸ்டிக் உறை வயிற்றில் தங்கினால் உயிரைப் பறிக்கும்.